எண்ணிக்கை தப்பிய பிக்கப்

நவம்பர் 4, செவ்வாய்

ஏ டொய்ங்கு,

நீ செத்துப் பதினேழு நாள் ஆகிறது. நம் சண்டைக்கு இன்றோடு முப்பது நாள். உன்னைப் புதைத்தாயிற்று. சண்டையை எங்கே புதைப்பது என்று யாரும் சொல்லவில்லை.

பேச்சுவார்த்தை இல்லாத நாட்களில் காலண்டர் தேதித் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதி மேஜையில் வைப்பதுதானே நம் வீட்டு வழக்கம். இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான். "சோறு இருக்கு." "குழம்பில உப்பு இல்ல." "நானும் அதைத்தான் தின்னேன்." ஆகவே இதையும் தாளில்தான் எழுதுகிறேன். என் ஐந்தாம் வகுப்புக் கையெழுத்துக்கு ஒரு நாளைக்கு மூன்று நாள் தாள் வேண்டியிருக்கிறது. இப்படியே போனால் நவம்பருக்குள் கிறிஸ்துமஸ் தீர்ந்துவிடும்.

இன்றைக்கு உன் ராசிக்கு "உயர்வு" என்று போட்டிருக்கிறான். நமக்கெதற்கு ராசிபலன் என்று பங்குச் சாமியார் எத்தனை முறை திட்டியும் காலையில் நீ முதலில் பார்ப்பது அதைத்தான். மேலே போன ஆளுக்கு உயர்வு என்று போடாமல் வேறு என்ன போடுவான்.

மேஜையை இன்னும் துடைக்கவில்லை. பழைய பழுப்புக் கிடார் வயிற்றைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடக்கிறது. பக்கத்தில் போன மாதம் நீ வாங்கி வந்த சிவப்புக் கிடார், அதுவும் வயிற்றைத் திறந்துகொண்டு. இரண்டு கட்டில் போட்ட வார்டு மாதிரி இருக்கிறது. டாக்டரைத்தான் காணோம். பழைய சேலை ஒன்றை எடுத்து இரண்டையும் போர்த்திவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

இரண்டு ரவிக்கை முடித்தேன். பக்கத்து வீட்டு லில்லிக்குக் கை இறுக்கமாம். போன கிறிஸ்துமஸுக்கு எடுத்த அளவு. அளவு அப்படியே இருக்கிறது, லில்லிதான் அப்படியே இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

உன் இன்னிசைக் குழு லீடர் சந்தானம் வந்திருந்தார். முறையாக அழுதார், இரண்டு டம்ளர் டீ குடித்தார், பிறகு விஷயத்துக்கு வந்தார். வருகிற இருபத்து மூன்றாம் தேதி கிறிஸ்து அரசர் திருவிழாவுக்கு நம் கோயில் மைதானத்தில் கச்சேரி. உன் இடத்தில் ப்ரிசில்லா என்று ஒரு பெண் வாசிக்கிறாளாம். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். அவளிடம் சொந்தக் கிடார் இருக்கிறது. ஆனால் சந்தானத்துக்கு அது போதவில்லை.

"கிடாரை எந்தக் கடையில வேணா வாங்கிரலாம் தங்கச்சி. சூசையோட சத்தத்தை எங்க போய் வாங்குறது?"

உன் சத்தம் பழுப்புக் கிடாரின் பிக்கப்பில் இருக்கிறது என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். கிடார்காரனோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியதில் எனக்கும் தெரியும். கம்பிகளுக்கு அடியில் இருக்கிற சின்னக் கட்டை. உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிசான செம்புக் கம்பி. கிடார் கம்பி அதிர்வதைப் பிடித்து ஆம்ப் பெட்டிக்கு அனுப்புவது அதுதான். மற்றதெல்லாம் மரமும் பெயின்டும். ஆனால் பழுப்பின் கழுத்து வளைந்துவிட்டது. சுருதி பிடிக்கிற கீ ஆறும் ஒரு பாட்டு முடிவதற்குள் நழுவிவிடும். அதை மேடைக்குக் கொண்டு போக முடியாது. அதனால் அந்தப் பிக்கப்பைக் கழற்றிப் புதுச் சிவப்பில் போட்டுத் தரலாமா என்று கேட்கிறார்.

கழற்ற வேண்டாம், சாகிறதுக்கு முன்னால் அவரே கழற்றி வைத்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

போகும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "அன்னைக்கு நடந்ததை மனசுல வெச்சுக்காத தங்கச்சி" என்றார். நானா வைத்துக்கொண்டேன்?

அன்றைக்கு என்றால் அக்டோபர் ஐந்து, ஜெபமாலை மாதா திருவிழா. உன் பழுப்புக் கிடாருக்கு ஒரு வியாதி உண்டு. பக்கத்தில் போய்ச் சத்தமாகப் பேசினால் அந்தப் பேச்சையும் பிடித்துப் பெட்டியில் போட்டுவிடும். வீட்டில் அது நமக்கு விளையாட்டு. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் நீ எழுந்து வராவிட்டால் நான் குனிந்து கிடாரின் வயிற்றில் "சோறு ஆறுது" என்று கத்துவேன். பழைய ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி என் குரல் பெட்டிக்குள்ளிருந்து வரும். நீ என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்து "வர்றேன் மேடம்" என்பாய்.

அன்றைக்கு இரண்டு பாட்டுக்கு நடுவில் உனக்கு பிரஷர் மாத்திரை கொடுக்க மேடை ஏறினேன். பார்த்தால் உன் பேன்ட் ஜிப் திறந்திருக்கிறது. உன் மானத்தைக் காப்பாற்றத்தான் குனிந்து மெதுவாகச் சொன்னேன். என் மெதுவு உனக்குத் தெரியும். "ஜிப்பைப் போடுங்க" என்று மைதானம் முழுக்கக் கேட்டது. சாமியார் முதல் வரிசை. நல்ல எண்ணத்தில் நாலைந்து பேர் தங்கள் ஜிப்பையும் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து நீ சொன்னது ஒரே ஒரு வார்த்தை. "இனிமே நீ மேடைப் பக்கம் வராத."

"ஜிப்பைப் போட்டிருந்தா நான் ஏன் வரப்போறேன்."

நீயும் நானும் வாயால் பேசியதில் கடைசி அதுதான். அதற்கப்புறம் பதின்மூன்று நாள் தாள்.

நவம்பர் 8, சனி

சண்டை போட்டு நாலாம் நாள் நீ சிவப்போடு வந்தாய்.

புதுக் கிடார் வாங்கினால் மற்றவர்கள் மாலை போடுவார்கள். நீ திருப்புளியை எடுப்பாய். முன்னால் கறுப்பு வாங்கியபோதும் மஞ்சள் வாங்கியபோதும் இதே கதைதான். அட்டைப் பெட்டியின் வாசனை போவதற்குள் பிரித்தாயிற்று. கம்பெனி போட்ட கீ நழுவும் என்று கழற்றி வேறு கீ, கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜ் வெறும் தகரம் என்று கழற்றி வேறு பிரிட்ஜ், உள்ளே இருக்கிற ஒயர் கொசுவலை நூல் மாதிரி இருக்கிறது என்று அதையும் பிடுங்கி வேறு ஒயர். கடைசியில் வாங்கியதில் மிஞ்சுவது மரம் மட்டும். மரத்தை மட்டும் வாங்கி வந்திருக்கலாமே என்பேன். என்னை மட்டும் எப்படி வந்தபடியே விட்டு வைத்தாய் என்று ஒரு தடவை கேட்டதற்கு, "உனக்குத் திருகாணி எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க முடியல" என்றாய்.

இன்று சேலையை விலக்கிப் பார்த்தேன். சிவப்புக்குப் புதுக் கீ ஆறும் மாட்டியிருக்கிறாய். பிரிட்ஜ் மாட்டியிருக்கிறாய். பாக்கி பிக்கப்தான். மேஜையில் மூன்று பிக்கப் இருக்கின்றன. ஒன்று பழுப்பிலிருந்து கழற்றியது, பல் மாதிரி மஞ்சளாகிப் போனது. ஒன்று சிவப்போடு கம்பெனியிலிருந்து வந்தது. மூன்றாவது இன்னும் பிரிக்காத பெட்டிக்குள். பெட்டி மேல் இங்கிலீஷ். ரவிக்கை வாங்க வந்த லில்லியைப் படிக்கச் சொன்னேன். இரைச்சல் வராததாம், வெளிச் சத்தம் எதையும் பிடிக்காததாம்.

வெளிச் சத்தம் என்றால் நான்தான்.

எனக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான், டொய்ங்கு. சிவப்பின் வயிற்றில் நீ எதைப் போடுவதாக இருந்தாய்? பழையதை என்றால் என்னையும் சேர்த்து மேடைக்குக் கூட்டிப் போவதாக இருந்தாய், கோபம் ஆறிவிட்டது. பெட்டிக்குள் இருப்பதை என்றால் கோபத்தோடுதான் போயிருக்கிறாய். இரண்டு கிடாரையும் ஒன்றாகத் திறந்து போட்டுவிட்டு நடுவில் செத்துப்போவது எந்த ஊர் நியாயம்? ஒன்றை மூடிவிட்டு இன்னொன்றைத் திறப்பதுதானே முறை.

நவம்பர் 10, திங்கள்

ஜபருல்லா பாய் கடைக்குப் போனேன். ஸ்பீக்கர், ஆம்ப் ரிப்பேர் பண்ணுகிற சந்துக் கடை. பற்றவைக்கிற ஈயம் வாங்கப் போய் நீ உயிரை விட்ட இடம். பாய் என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அப்புறம் அது அதே ஸ்டூல் என்று நினைவு வந்து முகம் மாறி, உள்ளே போய் நாற்காலி எடுத்து வந்தார். அதற்குள் நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு கால் ஆடுகிறது. ஊரில் உள்ளதையெல்லாம் ரிப்பேர் பண்ணுகிறீர்களே பாய், இதைப் பண்ணக் கூடாதா என்றேன்.

கடைசியாக நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். பாய் நல்ல மனிதர், சமயத்துக்கு ஒரு பொய் சொல்லத் தெரியாது.

"ஒண்ணும் சொல்லலக்கா. டீ சொல்லுங்க பாய், சக்கரை கம்மியான்னார். நான் எட்டி டீக்குச் சொல்லிட்டுத் திரும்புறேன், சாஞ்சுட்டார்."

"என்னைப் பத்தி எதுவும்?"

"டீயைப் பத்தி மட்டும்தாங்க்கா."

இருபத்தெட்டு வருஷத்துக்குக் கடைசி வார்த்தை சக்கரை கம்மி. சர்க்கரையைக் குறைக்கச் சொன்னது நான்தான் என்பதால் அதை என் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

எந்தப் பிக்கப்பை எதில் போடுவதாக இருந்தாய் என்று பாய்க்கும் தெரியவில்லை. சூசை அண்ணன் வேலை முடிந்த பிறகுதான் சொல்லுவார், முடிவதற்கு முன்னால் சொன்னதே இல்லை என்றார். அது உண்மை. கல்யாணத்துக்கே நீ அப்படித்தான் வந்தாய்.

கிளம்பும்போது உன் மஞ்சப்பையை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்குக் கையில் வைத்திருந்தாயாம். சாவு வீட்டில் கொடுக்கக் கூச்சப்பட்டு வைத்திருந்தாராம். வாங்கி வந்து கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். திறக்கவில்லை. வேலை இருந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

உன் ராசிக்கு இன்று "அலைச்சல்". அங்கேயுமா.

நவம்பர் 14, வெள்ளி

பாயும் அந்த ப்ரிசில்லாவும் வந்தார்கள். தருகிறேன் என்று நான் இன்னும் சொல்லவில்லை. கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான் என்றேன். முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த கை, நகத்தை ஒட்ட வெட்டியிருக்கிறாள். என்னை ஆன்ட்டி என்றாள். அதற்காகவே தரக் கூடாது என்று தோன்றியது.

பாய் பழைய பிக்கப்பைச் சிவப்பில் தற்காலிகமாக மாட்டினார். அதற்கு முன்னால் மீட்டரை வைத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மறுபடி வைத்துப் பார்த்தார்.

"இது எந்தக் கணக்குக்கும் வரமாட்டேங்குதேக்கா. எத்தனை சுத்துச் சுத்தினீங்க?"

எட்டாயிரம் என்றேன். எட்டாயிரத்துக்கு இவ்வளவு காட்டாது என்றார். நான் பேச்சை மாற்றி டீ போடப் போய்விட்டேன்.

இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. இனிமேல் சொன்னால் என்ன. கல்யாணமான இரண்டாம் வருஷம் அந்தப் பிக்கப் ஊமையாகிவிட்டது. நீ அதன் பழைய கம்பியை உரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்ற உட்கார்ந்தாய். சுற்றுவதற்கு என் தையல் மெஷின். நான் மிதிக்க வேண்டும், நீ கம்பியை விரலில் பிடித்துக்கொண்டு எண்ண வேண்டும். நூறு ஆனதும் நீ "ம்" என்பாய், நான் ஜெபமாலையில் ஒரு மணியைத் தள்ளுவேன். எண்பது மணி ஆனால் எட்டாயிரம். மாலையை ஒரு தடவை முழுக்கச் சுற்றி வந்து மறுபடி தொடங்கியாயிற்று. அப்போது அடுப்பில் பால் பொங்கிவிட்டது. எழுந்து ஓடினேன். திரும்பி வந்து மாலையை எடுத்தால் எந்த மணியில் விட்டேன் என்று தெரியவில்லை. நீ கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், எவ்வளவு ஆச்சு என்று கேட்டாய். நான் கைக்கு வந்த மணியைப் பிடித்து அறுபத்தைந்து என்றேன்.

அதற்கு மேல் பதினைந்து மணி மிதித்தோம். அவ்வளவுதான் உன் எட்டாயிரம். அது எவ்வளவு என்று மாதாவுக்கே தெரியாது, மாலை அவளுடையதாக இருந்தாலும். ஊரே சூசையின் சத்தம் சூசையின் சத்தம் என்கிறது. அது என் பொய்.

டீயோடு வந்தபோது ப்ரிசில்லா வாசித்துக்கொண்டிருந்தாள். நன்றாக வாசிக்கிறாள். உன்னைவிட நன்றாக என்று எழுத மாட்டேன். உன்னைவிடச் சுத்தமாக. சத்தம் உன்னுடையதுதான். சத்தத்தை ஏற்றியதும் விசிலடித்தது. நீ உடம்பைத் திருப்பி அதை அடக்குவாய், அவளுக்கு அது தெரியவில்லை.

"மெழுகுல முக்கிட்டா விசில் போயிரும் ஆன்ட்டி. சுத்துக்கு நடுவுல உள்ள காத்தெல்லாம் போயி மெழுகு உக்காந்துக்கும். சத்தம் அப்படியே இருக்கும்."

"பேசினா கேக்குமே, அது?"

அவள் பாயைப் பார்த்தாள். பாய் டம்ளரைப் பார்த்தார். "அது போயிரும்க்கா" என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

உன் முப்பதாம் நாள் பூசை. சாமியார் உன்னை அமைதியானவர் என்றார். இவள் பக்கத்தில் இருந்தால் யார்தான் அமைதியாக இருக்க மாட்டார்கள் என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. நல்ல பேச்சுத்தான், திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு கல்லறைக்குப் போனோம். இரண்டாம் தேதி ஆத்துமாக்கள் நாளுக்கு ஏற்றிய மெழுகு எல்லாக் கல்லறையிலும் கறையாக உறைந்து கிடந்தது. உங்கம்மா கல்லில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. வருஷா வருஷம் அது நீ பார்க்கிற வேலை. இந்த வருஷம் உன்னைப் பார்க்கவே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

நவம்பர் 17, திங்கள்

மஞ்சப்பையைத் திறந்தேன். ஈயம் ஒரு சுருள். பெரிய மெழுகுவர்த்தி ஒரு பாக்கெட், ஆறு.

எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அக்டோபர் பதினெட்டாம் தேதித் தாள் என்னிடம்தான் இருக்கிறது. பைபிளுக்குள் வைத்திருக்கிறேன், அங்கேதான் யாரும் தேட மாட்டார்கள். அதில் நீ எழுதியிருந்தாய். "பெரிய மெழுகுவர்த்தி ஒரு பாக்கெட் வாங்கி வை." நான் அதற்குக் கீழே எழுதினேன். "கால் இருக்கு, கடையும் இருக்கு."

எழுதிவிட்டு மெஷினில் உட்கார்ந்துகொண்டேன். நீ படித்ததையும் பார்த்தேன், சட்டை மாட்டியதையும் பார்த்தேன். மணி பன்னிரண்டு, வெயில். ஈயம் வாங்கப் போனார் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். ஈயத்துக்கு நீ எப்படியும் போயிருப்பாய். போயிருப்பாய்தானே. வீட்டில் இருந்திருந்தாலும் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். டாக்டருக்கு நம் தாள் வழக்கம் தெரியாது.

அந்தத் தாளில் உன் ராசிக்கு "சுகம்".

இப்போது அந்த டீச்சர் வீட்டுக்கு வந்து மெழுகு மெழுகு என்று சொல்லிவிட்டுப் போனபிறகு இந்தப் பாக்கெட்டைப் பார்க்க வேறு மாதிரி இருக்கிறது. பழைய பிக்கப்பைத்தான் சிவப்பில் போடுவதாக இருந்தாயா, ஆனால் முதலில் என் வாயில் மெழுகை ஊற்றி அடைத்துவிட்டு? அப்படியென்றால் பெட்டிக்குள் இருக்கிற புதுப் பிக்கப், மெழுகு சரியாக வராவிட்டால் போடுவதற்கா? இல்லை, இது உங்கம்மாவுக்கு வாங்கியதா? அக்டோபர் பதினெட்டிலேயே நீ அம்மாவுக்கு மெழுகுவர்த்தி வாங்குகிற ஆள் இல்லை. எப்போதும் கல்லறை வாசலில் போய்த்தான் வாங்குவாய், அதுவும் சின்னது. ஆனால் இந்த வருஷம் கிழவி போய் இருபத்தைந்தாம் வருஷம். நீ காலண்டரில் ஆத்துமாக்கள் நாளை வட்டம் போட்டு வைத்திருந்தாய்.

இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் நான்தான் சாய்க்கிறேன்.

நவம்பர் 18, செவ்வாய்

சந்தானத்துக்குப் போன் பண்ணி முடியாது என்றேன். ஏன் தங்கச்சி என்றார். என் இஷ்டம் என்றேன். அந்த டீச்சர் சொந்தக் கிடாரிலேயே வாசிக்கட்டும்.

நவம்பர் 20, வியாழன்

லில்லி வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஜன்னலைச் சாத்தினேன். பாய் தற்காலிகமாக மாட்டியது அப்படியேதான் இருந்தது. பெட்டியில் ஒயரைச் சொருகி, நீ திருகுகிற மாதிரி இரண்டு குமிழையும் திருகினேன். ஹூம் என்று பெட்டி மூச்சு விட்டது. குனிந்து, சோறு ஆறுது என்றேன்.

வந்தது. நல்ல சத்தமாகத்தான் வந்தது. நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்னொரு தடவை சொன்னேன். அதுவும் வந்தது. கேட்கச் சகிக்கவில்லை. என் குரல் இவ்வளவு கீச்சென்று இருக்கும் என்று நீ ஒரு தடவைகூட எழுதிக் காட்டவில்லையே. நானே கத்தி நானே கேட்பதற்கு எதற்குக் கரண்டை வீணாக்குவது? எனக்குக் கேட்க வேண்டியது அதற்கு அடுத்தாற்போல் வருவது. அது எந்தப் பிக்கப்பிலும் வராது.

அப்புறம் விரலை வைத்து ஒரு கம்பியைத் தட்டினேன். டொய்ங்.

உடனே அணைத்துவிட்டேன். ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டுத் தட்டைப் போட்டேன். சோறு உண்மையிலேயே ஆறிவிட்டது.

சாயங்காலம் பாய்க்குப் போன் பண்ணி, டீச்சரிடமே கொடுத்துவிடலாம், நாளைக்கு வாருங்கள் என்றேன். கடையிலேயே மெழுகில் முக்கிவிடுகிறேன் என்றார். வேண்டாம், என் வாயை என் வீட்டு அடுப்பில்தான் மூடுவேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிந்தாலும் சிரித்திருக்க மாட்டார், மரியாதையான மனிதர்.

நவம்பர் 21, வெள்ளி

இட்லிச் சட்டியில் தண்ணீர், அதற்குள் பழைய ஹார்லிக்ஸ் டின், டின்னுக்குள் உன் மெழுகுவர்த்தியில் மூன்று. திரியை உருவிப் போட்டேன். பாய் அடுப்புப் பக்கத்திலேயே நின்றார்.

"கொதிக்க விட்டுராதீங்கக்கா. கொதிச்சா கட்டை நெளிஞ்சுரும், அப்புறம் நானும் இல்ல, சூசை அண்ணனும் இல்ல."

"அண்ணன்தான் ஏற்கெனவே இல்லையே பாய். நீங்க இருங்க."

இருபத்தெட்டு வருஷம் உனக்கு வெந்நீர் போட்ட கை. விரலை வைத்துப் பார்த்தே சூட்டைச் சொன்னேன். பாய் பிக்கப்பை ஒயரில் கட்டி இறக்கினார். சின்னச் சின்னதாகக் குமிழ் வந்தது. கம்பிச் சுற்றுக்கு நடுவே இருக்கிற காற்று வெளியே வருகிறது என்றார். அந்த இரண்டாம் வருஷத்துக் காற்று. பால் தீய்ந்த வாசனைகூட அதில் இருந்திருக்கும். குமிழ் நிற்கிற வரைக்கும் இருக்கட்டும் என்றார். கால் மணி நேரத்துக்கு மேல் வந்துகொண்டே இருந்தது. எனக்கு வாய் அதிகம் என்று ஊர் சொல்வது சும்மா இல்லை.

துடைத்து, ஆறவைத்து, சிவப்பில் போட்டு, நீ வாங்கிய ஈயத்திலேயே பற்றவைத்தார். மூடித் திருகாணி போட்டார். வேலை முடிந்த கிடாரை இந்த மேஜையில் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

"பேசிப் பாருங்கக்கா" என்றார்.

பேசினேன். பெட்டியில் ஒன்றும் வரவில்லை. என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. பாய் காதிலும் விழுந்திருக்காது, பாத்ரூம் எங்கே என்று கேட்டு அந்த நேரத்துக்கு எழுந்து போய்விட்டார். மரியாதையான மனிதர் என்று முன்னாலேயே எழுதியிருக்கிறேன்.

பிரிக்காத பெட்டியையும் கம்பெனிப் பிக்கப்பையும் அவரிடமே கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

நீ மேடைப் பக்கம் வராதே என்று சொன்னதால் மேடைக்குப் பக்கவாட்டில் படி ஓரமாகவே போய் நின்றேன்.

சந்தானம் முதலில் உன் போட்டோவுக்கு மாலை போட்டார். எந்தப் போட்டோ தெரியுமா, அந்தப் பச்சைச் சட்டை. வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ப்ரிசில்லா சிவப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். பயந்திருந்தாள், கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தன் உடையைக் குனிந்து ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டாள். அந்தப் பெண்ணைக் கொஞ்சம் பிடித்துவிட்டது.

வாசித்தாள். விசில் இல்லை, கரகரப்பு இல்லை, ஒரு கீயும் நழுவவில்லை. சத்தம் உன்னுடையது. முதல் பாட்டு பாதிகூடப் போகவில்லை, பின் வரிசையில் ஒரு ஆள் எழுந்து நின்று சூசை சூசை என்று கத்தினான். சந்தானம் கீபோர்டில் தப்பு விட்டார். சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

படி ஓரமாக நின்றுகொண்டு, என் எண்ணிக்கைப் பிழையை ஊர் முழுக்கக் கேட்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மெழுகு ஊற்றி வாயை அடைக்கலாம், அதை அடைக்க முடியாது போலிருக்கிறது.

கச்சேரி முடிந்ததும் ப்ரிசில்லா வந்து கையைப் பிடித்துக்கொண்டு, நன்றாக இருந்ததா ஆன்ட்டி என்றாள். மூன்றாவது பாட்டில் அவசரப்பட்டாய் என்றேன். ஆமாம் என்றாள். அக்கா என்று கூப்பிடு என்றேன்.

நவம்பர் 24, திங்கள்

காலையில் மிச்சம் மூன்று மெழுகுவர்த்தியையும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனேன். மூன்றையும் உங்கம்மாவுக்கே ஏற்றினேன். காற்று, ஐந்தாறு தடவை அணைந்தது. கிழவிக்கு உயிரோடு இருந்தபோதும் என் கையால் எதுவும் ஒரே தடவையில் பிடித்ததில்லை. கடைசியில் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு கால் மணி நேரம் குந்தி உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு ஒன்றும் ஏற்றவில்லை, கோபித்துக்கொள்ளாதே. பாக்கெட்டில் பாதி உங்கம்மாவுக்கு, பாதி பிக்கப்புக்கு. நீ எதற்கு நினைத்திருந்தாலும் அது நடந்தாயிற்று. என் பங்கு வேலை முடிந்தது. மேஜையையும் துடைத்துவிட்டேன்.

இந்தத் தாளையும் அங்கேதான் வைக்கிறேன், உப்பு ஜாடியை மேலே தூக்கி வைத்து, பறக்காமல். கீழே இடம் விட்டிருக்கிறேன். ஒரு வார்த்தை போதும், டொய்ங்கு. அந்த மெழுகுவர்த்தியை யாருக்காக வாங்கினாய், உங்கம்மாவுக்கா, எனக்கா?